ஒன்பது விரல் தோழனும் முப்பத்தோர் அணிகளும்

மதுராந்தகத்துத் தமிழ்ப் பண்டிதர் வெங்கடராகவன் எழுதிய நோட்ஸின் ஐந்தாம் பதிப்பு என் அச்சுக்கூடத்துப் பரணில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. வருகிறவன் போகிறவனெல்லாம் "என்ன பட்டாபி, கரையான் வளர்க்கிறீரா?" என்று கேட்கிறான். ஒவ்வொருத்தனுக்கும் பதில் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைச் சும்மா விடுங்கள்.

செங்கல்பட்டில் ரயிலடிக்குப் போகிற தெருவில் ஒரு ட்ரெடில் மிஷின், ஏழெட்டு எழுத்துப் பெட்டிகள், ஒழுகும் கூரை ஒன்று. இதுதான் என் சாம்ராஜ்யம். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, சினிமா நோட்டீஸ், மாட்டுச் சந்தை நோட்டீஸ் எல்லாம் அடிப்பேன். கவிதை எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்கிற ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நான்தான் என்று நினைக்கிறேன்.

பண்டிதருக்குக் கவிதை தெரியும். அளவுக்கு மீறித் தெரியும். பாட்டு என்று ஒன்று கண்ணில் பட்டால் அதில் எத்தனை அணி என்று எண்ணி முடிக்காமல் சாப்பிட உட்கார மாட்டார். பாட்டோடு நிறுத்தினால் பரவாயில்லை, வீட்டிலும் அதே வேலை. அவர் சம்சாரம் சுந்தரவல்லி ஒரு நாள் "அரிசி தீர்ந்து போச்சு" என்று சொன்னாளாம். இவர் கண்ணை மூடிக்கொண்டு, "இது குறிப்பு மொழி. 'கடைக்குப் போ' என்பது இதில் தொக்கி நிற்கிறது" என்று விளக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாராம். கடைக்குப் போனது சுந்தரவல்லிதான்.

கெட்ட மனுஷர் இல்லை. பையன்களை அடிக்க மாட்டார், யாரிடமும் ஒரு காசு வாங்க மாட்டார். பொடி போடுவது ஒன்றுதான் கெட்ட பழக்கம். அதையும் என் புரூப் காகிதத்தின் மேல் சிந்திவிட்டுத் துடைக்காமல் போவார். சனிக்கிழமை காலைப் பாசஞ்சரில் வந்தாரென்றால் சாயங்காலம் வரை என் பிராணனை எடுப்பார்.

அவருடைய நோட்ஸ் ஒரே ஒரு பாட்டைப் பற்றியது. எஸ்.எஸ்.எல்.சி. தமிழ்ப் பாடப் புத்தகத்தின் கடைசியில், யுத்த காலத்துப் பாட்டு ஒன்று இருந்தது. பர்மா எல்லையில் சண்டை நடந்த நாற்பத்து நாலாம் வருஷத்தில், சிப்பாய்களுக்கென்று போட்ட தமிழ்ப் பத்திரிகையில் வந்ததாம். பாடப் புத்தகம் தொகுத்தவர் அதை எடுத்துச் சேர்த்து, கீழே 'பெயர் தெரியாத சிப்பாய்' என்று போட்டுவிட்டார். பாட்டு மொத்தம் பன்னிரண்டே வரி:

பேரும் சொல்லக் கூடாது,
ஊரும் சொல்லக் கூடாது.
காலை வெயில் முதுகிலே,
காலிரண்டும் சேற்றிலே.
மொட்டைப் பனையின் தலையிலே
கோபுரம் ஏறி நிற்குது.
வலதுபக்கம் பெருமலையைச்
சின்னமலை விழுங்குது.
அங்கே நின்று இறக்கினேன்,
ஆறடியில் தரை கண்டேன்.
ஒன்பது விரல் தோழனே,
உனக்குக் கரை வந்தாச்சு.

இதற்குப் பண்டிதரின் நோட்ஸ் நாற்பத்தொரு பக்கம்.

முதல் பதிப்பில் பதினேழு அணி கண்டுபிடித்தார். காஞ்சிபுரத்தில் இன்னொரு பண்டிதர் போட்டி நோட்ஸ் போட்டுப் பத்தொன்பது என்றார். இவருக்குத் தூக்கம் போயிற்று. இரண்டாம் பதிப்பில் இருபத்திரண்டு. காஞ்சிபுரம் இருபத்தைந்து என்றது. இப்படி வருஷத்துக்கு வருஷம் ஏறி, ஐந்தாம் பதிப்புக்கு முப்பத்தொன்று என்று கைப்பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். பாட்டு மட்டும் அதே பன்னிரண்டு வரியாகவே இருந்தது. பாவம், அது என்ன செய்யும்?

அச்சுக் கோர்த்துக் கோர்த்து எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டதால் சொல்கிறேன். 'கோபுரம் பனையின் தலையில் ஏறியது' என்பது உயர்வு நவிற்சி அணி. யுத்தம் மரத்தை மொட்டையடித்தாலும் பக்தி அதற்கு மேல் ஏறி நிற்கும் என்பது கருத்து. சின்ன மலை பெரிய மலையை விழுங்கியது என்றால், சின்னஞ்சிறு பாரதம் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை விழுங்கப் போகிறது என்கிற தீர்க்கதரிசனம். 'இறக்கினேன்' என்றவர் எதை இறக்கினார் என்று சொல்லவில்லை அல்லவா? அங்கே 'பகைமையை' என்று வருவித்துக் கொள்ள வேண்டும். ஒன்பது விரல் தோழன் யாரென்றால் ஒன்பது வாயில் கொண்ட உடம்பு. கவிஞர் தம் உடம்பையே கூப்பிட்டுப் பேசுகிறார். 'காலை வெயில் முதுகிலே' என்ற வரிதான் பண்டிதரைப் படாதபாடு படுத்திவிட்டது. ஜப்பான்காரன் கொடியில் சூரியன் இருக்கிறது. சூரியனுக்கு முதுகைக் காட்டினால் அது புறமுதுகு ஆகாதா? ஆகாது என்று நிரூபிக்க மட்டும் இரண்டே கால் பக்கம் எழுதியிருந்தார். முன்னுரையில், 'இக்கவிஞர் பெயர் தெரியாவிடினும், இலக்கண இலக்கியங்களில் ஆழங்கால்பட்ட பெரும்புலவர் என்பது உறுதி' என்றும் ஒரு வரி.

ஐம்பத்தேழாம் வருஷம் மார்கழி மாதம் ஒரு சனிக்கிழமை. அந்த ஐந்தாம் பதிப்பின் புரூப் பார்க்கப் பண்டிதர் வந்திருந்தார். அதே நேரம் மாமல்லபுரத்துக் குப்பத்திலிருந்து பூவாயியும் அவள் தம்பி செங்கல்வராயனும் வந்து, காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் என்னிடம் வருவது அது மூன்றாவது தடவை.

பூவாயியின் மகள் வச்சலாவுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை தாலுகா ஆபீசில் பியூன். ஆபீஸ் வேலை என்பதால் அச்சடித்த பத்திரிகை இல்லாமல் முடியாது என்று அவன் தாயார் கறாராகச் சொல்லிவிட்டாள். அதெல்லாம் சரி. சிக்கல் ஒரே ஒரு சொல்லில் இருந்தது. வச்சலாவின் அப்பன் தேசப்பன் கட்டுமரம் தள்ளிக்கொண்டிருந்தவன், யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போனான். 'காணவில்லை' என்று ஒரு தாள் வந்ததே தவிர, அதற்குப் பிறகு பதிமூன்று வருஷமாக எந்தத் தகவலும் இல்லை. பத்திரிகையில் 'தேசப்பன் அவர்களின் குமாரத்தி' என்று போடுவதா, 'காலஞ்சென்ற தேசப்பன்' என்று போடுவதா?

"இருக்காரா இல்லியா, ஒண்ணு சொல்லுங்கன்றாங்கோ சம்பந்தி அம்மா," என்றாள் பூவாயி என்னிடம். "உசுரோட கீற அப்பன் பொண்ணு கண்ணாலத்துக்கு வரலன்னா ஊரு சிரிக்குமாம். சரி, செத்துட்டாருன்னு போட்டா நானு பூவும் பொட்டும் வச்சிகினு எம்பொண்ணு பக்கத்துல நிக்க முடியாது. எனுக்கு அது கூடப் பெருசில்ல சாமி. சாவாத மனுசன நானே சாவடிச்சிட்டனோன்னு காலம் பூரா வயிறு எரியுமே."

அதனால் முதல் இரண்டு தடவையும் "அந்த எடத்த மட்டும் சும்மா வுடுங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அச்சில் சும்மா விடுவது என்று ஒன்று கிடையாது. வெற்றிடமாகத் தெரிகிற இடத்திலும் ஈயக் கட்டை வைத்து இறுக்கித்தான் ஆக வேண்டும். தேசப்பன் பெயருக்கு முன்னால் அப்படி நாலு கட்டை வைத்துப் பத்து நாளாக மேஜை மேல் கிடந்தது. எனக்கு எரிச்சல். இன்றைக்கு இரண்டில் ஒன்று தெரியாவிட்டால் எழுத்தைக் கலைத்துவிடப் போகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

புரூப் பார்ப்பது எப்படியென்றால் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் கைப்பிரதியைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பண்டிதருக்கு உரக்கப் படிப்பது என்றால் உற்சாகம். பாட்டை ராகம் போட்டு இழுத்துப் படித்தார். பிறகு முதல் அணி, இரண்டாம் அணி என்று ஏறிக்கொண்டே போனார். ஏழாவது அணி வந்தபோது காகிதக் கட்டிலிருந்து செங்கல்வராயன் எழுந்தான்.

"இன்னா சாமி இது? பார் காட்ற பாட்டா?"

"என்னப்பா சொல்றே?"

"பார் சாமி, பார். கடலுக்கு அடியில மீனு அண்டிகினு கீற பாறை. அதும் மேல கட்டுமரத்த நிறுத்தணும்னா நடுக்கடல்ல இன்னா அடையாளம் கீது? கரையப் பாத்துதான் எடம் புடிக்கணும். எங்கூர்ல லைட்டவுசு கடக்கரக் கோயிலு தலைமேல ஏறணும். வடக்கால சின்னப் பாறை பெரிய பாறைய முழுங்கணும். ரெண்டும் சேந்துச்சுன்னா நங்கூரக் கல்ல எறக்கலாம். கீழ பார் கீது."

பண்டிதர் சிரித்தார். "அது உங்க தொழிலப்பா. இது கவிதை. இங்கே விழுங்குவது சாம்ராஜ்யம்."

"சாம்ராஜ்யமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்க வாங்க நீங்கோ."

சொல்லிவிட்டு அவன் என் மேஜை மேலிருந்த கோந்து பாட்டிலை இழுத்து ஓரத்தில் வைத்தான். அரிக்கன் விளக்கை எடுத்து அதற்கு நேர் பின்னால், தள்ளி வைத்தான். வலது பக்கம் கிட்டத்தில் பொடி மட்டை, தூரத்தில் மை டப்பா. பண்டிதரைத் தோளைப் பிடித்து மண்டியிட வைத்து, "மோவாய மேசை மேல வையுங்கோ. ஒரு கண்ண மூடுங்கோ. தலைய ஆட்டாதீங்கோ" என்றான். பஞ்சகச்சமும் நெற்றியில் திருமண்ணுமாக, நாற்பத்தொரு பக்கம் எழுதிய மகான் மண்டி போட்டு மேஜை மேல் மோவாயை வைத்துக்கொண்டிருந்த காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"வெளக்கு பாட்டிலு தலைமேல ஏறிகினு நிக்குதா?"

"நிற்கிறது."

"அந்தப் பக்கம்? பொடி மட்டை டப்பாவ முழுங்கிச்சா?"

"அட! முழுங்கிடுத்து."

"இப்போ இத்தினியூண்டு நகருங்கோ. பாட்டில வுட்டு வெளக்கு எறங்கிடுச்சா? அப்போ எடம் தப்பு. திரும்ப அதே எடத்துக்கு வந்தாதான் ஏறும். ஒலகத்துல அந்த ஒரு எடத்துலதான் சாமி ரெண்டும் ஒண்ணா தெரியும். பாட்டு எழுதுனவன் எடம் சொல்லிகினு கீறான். வெயிலு முதுகுலன்னா மேக்க பாத்து நிக்கிறான். அவன் எங்காளு. மீன் புடிக்கிறவன்."

பண்டிதர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. "நீ சொல்றது நேர்ப்பொருள். நேர்ப்பொருளில் என்னப்பா நயம் இருக்கு? இடம்னா என்ன இடம்? காட்டிலே மீனா பிடிப்பான்? எதை இறக்கினான்?"

செங்கல்வராயன் திரும்பி அக்காவைப் பார்த்தான். அதுவரை சும்மா இருந்த பூவாயி எழுந்து வந்தாள்.

"சாமி, கடசியா இன்னாவோ படிச்சீங்களே. அத்த இன்னொரு தபா படிங்க."

"ஒன்பது விரல் தோழனே, உனக்குக் கரை வந்தாச்சு," என்று படித்தார் பண்டிதர். இந்தத் தடவை ராகம் போடவில்லை.

"அவுருக்கு ஒம்போது வெரலுதான் சாமி," என்றாள்.

பிறகு அவளே விவரம் சொன்னாள். தேசப்பனும் எல்லப்பனும் ஒரே கட்டுமரத்தில் தொழில் செய்தவர்கள். பட்டாளத்துக்கும் ஒன்றாகவே போனார்கள். எல்லப்பன் நாலாம் வகுப்பு வரை படித்தவன். வலை இழுக்கும்போது அவன் பாட்டுக் கட்டிச் சொன்னால் குப்பமே பின்பாட்டுப் பாடுமாம். அவனும் திரும்பவில்லை. அவன் செத்ததற்குத் தந்தி வந்துவிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்னால் பூவாயிக்கு அவன் ஒரு கடிதம் போட்டிருந்தான்.

"அத்தப் பட்டாளத்துலயே கத்திரி போட்டு வெட்டிட்டாங்கோ சாமி. ஊரு பேரு, செத்தவங்கோ பேரு எதுவும் எழுதக் கூடாதாமே. மேல 'பூவாயி அக்கா'ன்னு கீது. கீழ 'எல்லப்பன்'னு கீது. நடுவுல பூரா ஜன்னலு ஜன்னலா ஓட்டை. அத்த வெளிச்சத்துல புடிச்சிப் புடிச்சிப் பாத்துகினே பதிமூணு வருசம் போச்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடிதமாக எழுதினால் வெட்டுகிறார்களே என்று எல்லப்பன் அதையே பாட்டாகக் கட்டிப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறான். கத்திரி வைத்திருந்த தணிக்கைத் துரை அதைப் பார்த்துவிட்டு, வெறும் பாட்டுதானே, மரம் மலை வர்ணனைதானே என்று விட்டுவிட்டான். துரையும் நம் பண்டிதரும் ஒரே மாதிரிதான் படித்திருக்கிறார்கள். துரைக்கு மட்டும் அணியின் பெயர் தெரியாது.

பூவாயி பண்டிதருக்கு எதிரே வந்து நின்றாள்.

"நீங்கோ முப்பத்தொண்ணு சொன்னீங்களே சாமி. அதெல்லாம் நெசம்னா எங்க வூட்டுக்காரரு சாவல. எந்தம்பி சொல்றது நெசம்னா செத்துட்டாரு, எல்லப்பன் அவுரப் பொதச்சிட்டான். நீங்கோ படிச்சவங்கோ. எது சாமி?"

நான் பண்டிதரைப் பார்த்தேன். 'எல்லாம் அலங்காரம்தான் அம்மா, மனசிலே போட்டுக்காதே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருடைய நாற்பத்தொரு பக்கமும் பிழைக்கும். அவள் பூவும் பொட்டும் நிற்கும். எனக்கும் நோட்ஸ் விற்கும். சொல்லித் தொலையட்டும் என்றுகூட நான் நினைத்தேன். மறைப்பானேன்?

அவர் பொடி மட்டையை எடுத்தார், போடாமல் வைத்தார். "விரல் எப்படிம்மா போச்சு?" என்று கேட்டார். நாலு வருஷமாக அந்தப் பாட்டைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். மற்றதெல்லாம் பதில்.

"கண்ணாலம் ஆன வருசம் சாமி. தூண்டிக் கவுறு வெரல்ல சுத்திகிச்சு. அந்தாண்ட பெரிய சொறா. வெரலு வுட்டுடுச்சு, அவுரு கவுற வுடல."

"எல்லப்பனுக்கு அது தெரியுமா?"

"துணி சுத்திக் கரைக்கு இட்டாந்ததே அவந்தான் சாமி."

பண்டிதர் கையிலிருந்த புரூப்பை மேஜை மேல் வைத்தார். பிறகு, "நான் எழுதினது தப்பும்மா. அவன் உள்ளதை உள்ளபடிதான் எழுதியிருக்கான்" என்றார். என் பக்கம் திரும்பி, "போடுங்கோ பட்டாபி" என்றார்.

அந்த நாலு கட்டையையும் பிடுங்கிவிட்டு நான் 'காலஞ்சென்ற' என்று கோர்த்தேன். எத்தனையோ பேருக்குப் போட்ட சொல். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். அன்றைக்கு எழுத்து இரண்டு தடவை கைநழுவிக் கீழே விழுந்தது. பூவாயி தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பதிமூன்று வருஷம் அழாமல் வைத்திருந்த அழுகை. தெருவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். நான் கதவைச் சாத்தினேன்.

ஐந்தாம் பதிப்பின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். உள்ளதை உள்ளபடி சொல்வதற்கும் ஓர் அணி உண்டாம், தன்மையணி என்று பெயராம். முப்பத்தொன்றில் அது ஒன்றுதான் இல்லாமல் இருந்தது. பண்டிதர் மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டு அது ஒன்றை மட்டும் வைத்து, பாட்டை எழுதியவர் எல்லப்பன் என்றும் போட்டு, நாலே பக்கத்தில் நோட்ஸ் போட்டார். ஹெட்மாஸ்டர் "அணி எங்கே ஓய்?" என்று கூப்பிட்டுக் கேட்டாராம். பரீட்சையில் 'கவிஞர் கையாண்ட அணிகளை விளக்குக' என்று வந்தது. 'இது ஒரு இடம்' என்று எழுதின பையனுக்கு முட்டை. பிள்ளைகளெல்லாம் காஞ்சிபுரத்து நோட்ஸை வாங்கிக்கொண்டார்கள். அதில் இப்போது முப்பத்து நாலு அணி.

அன்றைக்குக் கிளம்பும்போது பூவாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு பண்டிதரைக் கேட்டாள். "அந்தப் பாட்டுக் காயிதத்தக் குடுப்பீங்களா சாமி? கருமாதி பண்ணணும். முன்னால வைக்க அவுருதுன்னு ஒண்ணும் இல்ல."

"எந்த ஊருன்னுதான் தெரில," என்றான் செங்கல்வராயன். "அந்த ஊருக்கு மட்டும் போனா, நானே நின்னு எடத்தக் காட்டிடுவேன்."

புரூப் தாளில் பாட்டு நடுவில் சின்னதாக இருந்தது. மேலும் கீழும் இரண்டு பக்கமும் பண்டிதரின் உரை அடைத்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கத்திரி இருக்கா பட்டாபி?"

கொடுத்தேன். மேஜை மேல் தாளை வைத்து, தம் எழுத்தை நாலு பக்கமும் அவரே வெட்டினார். பாட்டில் ஓர் எழுத்துக்கூடச் சேதமாகவில்லை. மிஞ்சிய துண்டு உள்ளங்கை அளவுதான் இருந்தது. எல்லப்பன் போட்ட கடிதம் பூவாயி கைக்கு அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது.